ஆகாசத்துக்குப் பாஸ்புக்

ஆந்திராவின் புத்தூரில் திருப்பதி பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், வெயிலும் மழையும் இல்லாத நாளில் மடியில் கறுப்புக் குடை வைத்திருந்தார். நிமிடத்துக்கொரு முறை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"மழை வராதும்மா," என்றேன்.

"மழைக்கு யார் சார் பயந்தது? பக்கத்து நிலத்தைப் பிளாட் போட்டு விக்கிறவன் வீடியோ எடுக்க ட்ரோன் உட்டுக்கினு கீறான். நாங்க குளிக்கிற எடத்துல சுத்தி தட்டி கீது, மேல கூரை இல்ல. குடை புடிச்சிக்கினு குளிக்கிறேன்."

புகார் கொடுத்தாராம். விதிகளைக் கரைத்துக் குடித்த அதிகாரி, ட்ரோன் பறக்கும் உயரம் சட்டப்படி சரி என்றாராம். "நிலத்துக்குப் பட்டா பாஸ்புக் இருக்கு. ஆகாசத்துக்கு இருக்கா?" என்று தெலுங்கில் கேட்டாராம். அங்கே நிலப் பட்டாவைப் பாஸ்புக்காகத்தான் தருவார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

தூரத்தில் திருமலை தெரிந்தது. அங்கே ட்ரோனுக்குத் தடை. குடைநுனியால் மலையைக் காட்டினார்.

"அந்தச் சாமி எந்த ஆபீஸ்ல பாஸ்புக் வாங்கிச்சின்னு கேட்டேன். பெரிய ஆபீசுல போய்க் கேளுன்னுட்டாரு. அதான் பெரிய ஆபீசுக்குப் போய்க்கினு கீறேன்."

திருப்பதியில் பஸ் படியிலேயே குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அவருடைய ஆகாசம் எத்தனை முழம் என்று பெரிய ஆபீசில் அளந்து சொன்னார்களா, தெரியவில்லை. கான்கிரீட் கூரைக்குக் கீழே குளிக்கிற நான்தான், இப்போதெல்லாம் முதலில் மேலே பார்க்கிறேன்.