தோளுக்கு இரண்டு விரல் கீழே

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் வானம் மூடியே கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. இஸ்திரிக் கடை அன்று பூட்டியிருந்தது. காய்ச்சலில் கிடந்தபோதும் கடையைப் பூட்டாத மனிதர், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கிப் போனதைக் கண்டு தெருவே வாயைப் பிளந்தது. அந்த மூவரில் யாரும் அதுவரை பெருநகரத்தைக் கண்ணால் கண்டதில்லை.

தெருவில் அவருக்கு மடிப்புக்காரர் என்று பெயர். மாடிப்படிக்கு அடியில் இருந்த இடுக்குதான் கடை. ஒரு மேசை, அதன்மேல் நான்காக மடித்த கம்பளி, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், சுவரில் ஆணியடித்துக் கட்டிய கம்பி. மனைவி துணிகளைப் பிரித்து அடையாளத் துண்டு கட்டுவார். மகள் படிப்பை முடித்துவிட்டு ஒரு கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்த்தாள்.

மடிப்புக்காரர் மனிதர்களை முகத்தை வைத்து அறிந்தவர் அல்லர். சட்டையை வைத்தே அறிந்தவர். தபால் நிலைய அதிகாரி ஒருமுறை புதுச் சட்டையோடு எதிரே வந்து சிரித்தபோது, யாரோ வழி கேட்கிறார் என்று நினைத்து, "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்தச் சட்டை இஸ்திரிக்கு வந்த பிறகுதான், "அட, நீங்களா சார்!" என்றார். தெரு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மகன் வீட்டை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "காலம் பூரா ஊரான் சட்டையத் தடவிக்கிட்டு நிக்க என்னால முடியாது" என்று அவன் ஒருநாள் வெடித்தான். "அப்ப வெளிய போ" என்றார் இவர். சூட்டோடு வந்த சொல். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. முதல் வருடம் மனைவி அழுதார். இரண்டாம் வருடம் அழுகையும் நின்றுபோயிற்று. மூவரும் உண்டார்கள், உறங்கினார்கள், வேலைக்குப் போனார்கள்; ஈரத்துணி போர்த்தினாற்போல வீடு கனத்துக் கிடந்தது.

ஒருநாள், மாதம் தவறாமல் வந்துபோகும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒரு சட்டையை மேசைமேல் போட்டார்.

"என்ன அண்ணே, நகரத்துல கிளை திறந்துட்டீங்களா? சொல்லவே இல்ல?"

"இந்த இடுக்குக்குக் கிளை வேற கேக்குதா சார்?"

"சட்டைக் கையைப் பாருங்க. பெரிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால ஒரு லாண்டரியில தேச்சது. அப்படியே உங்க வேலை."

அவர் பார்த்தார். எல்லாரும் கைமடிப்பைத் தோள் தையல்வரை இழுத்துவிடுவார்கள். இவர் மட்டும் இரண்டு விரல் கீழேயே நிறுத்திவிடுவார். தையல்மேல் பெட்டி ஏறினால் துணி பளபளத்துச் சீக்கிரம் நைந்துவிடும் என்பது அவர் கட்சி. இந்தப் பழக்கத்தை அவர் மகன் ஒருவனுக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் கையிலிருந்த கால்சட்டையைத் தேய்த்து முடித்தார். அன்று சாப்பிடும்போது, "செவ்வாய்க்கிழமை கடை லீவு. போய் அவனைக் கூட்டிட்டு வந்துரலாம்" என்றார். மனைவி தட்டிலிருந்து கையை எடுத்தவர், மறுபடி வைக்கவில்லை.

நகரத்தில் இறங்கியதும் கூட்டம் அவர்களை அள்ளிக்கொண்டு போய் வெளியே தள்ளியது.

"அண்ணாந்து பாக்காதடி, கழுத்து சுளுக்கிக்கும்" என்றார் மனைவி.

"நீ என் கையை விடும்மா. நான் ஒண்ணும் ஓடிப்போயிட மாட்டேன்" என்றாள் மகள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மடிப்புக்காரர் கட்டடங்களைப் பார்க்கவில்லை. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். அது சும்மா இருந்தது. எதிரே வந்த சட்டைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லா மடிப்பும் தையல்வரை ஏறியிருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெரிய லாண்டரி ஒன்றுதான் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பக்கத்துச் சந்தில் வேலையாட்களுக்கு ஓர் இரும்புக் கதவு. உள்ளே நீராவி சீறும் ஓசை. கல்லாவில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உள்ள அம்பது பேரு நிக்கிறாங்க பெரியவரே. யாரு என்ன பேரு, யார் பெத்த புள்ளைன்னு நான் எங்க கண்டேன்? மதியம் ஆள் மாறுவாங்க. சந்துல நின்னு பாத்துக்குங்க."

வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு நிழல் இருந்தது. மனைவியையும் மகளையும் அங்கே நிற்கச் சொன்னார்.

"நீங்களும் வாங்களேன், நின்னு பாப்போம்" என்றார் மனைவி.

"நான் முன்னால நிக்கிறேன். வெளிய வர்ற துணியைப் பாத்தா, அவன் இன்னும் இங்க இருக்கானான்னு தெரிஞ்சுரும்."

அப்படித்தான் கண்ணாடிக் கதவுக்கும் சந்துக்கும் நடுவே அவர் நின்றார். வாடிக்கையாளர்கள் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் துணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு சட்டைக் கையாகப் பார்த்தார். இல்லை. இல்லை. பிறகு வெள்ளைச் சட்டை ஒன்று வந்தது. மடிப்பு தோளுக்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தது.

"சார், சார், ஒரு நிமிஷம்!" உறையோடு கையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், என்னய்யா சட்டையைப் பிடிக்கிற?"

"கோவிச்சுக்காதீங்க சார். இதை இன்னைக்குத்தான் தேச்சாங்களா?"

"பின்ன, போன ஜென்மத்துலயா? விடுய்யா, கசங்கிடும்."

அப்போது சந்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மடிப்புக்காரருக்கு அது உறைக்கவில்லை. யாரோ ஒருவர் அருகில் வந்து நின்று வெளிச்சத்தை மறைத்தார். பழுப்பு நிறப் பனியன். கழுத்து தொளதொளத்து, தோளில் சாயம் போய், ஒரு தடவைகூடப் பெட்டி படாதது. மடிப்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க. வெளிச்சம் வரட்டும்."

அந்தப் பனியன் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு தள்ளிப்போயிற்று.

வெள்ளைச் சட்டைக்காரர் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் போனார். மடிப்புக்காரர் வண்டிகளுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் ஓடினார். "இருக்கான்! இங்கதான் இருக்கான்! அதே கைதான்!" என்றார்.

மனைவி மட்டும் நின்றிருந்தார். "அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எவன்கிட்ட?"

"உங்க முன்னால வந்து நின்னானே. நம்ம புள்ள."

மகள் பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. "பிடிச்சுட்டேன்ப்பா. பேசினேன். 'அப்பா உனக்காகத்தான் வந்திருக்காரு'ன்னு சொன்னேன். 'மூஞ்சிக்கு நேரா பாத்து, தள்ளிப் போன்னு சொன்னாரே, அதுக்கா வந்தாரு?'ன்னு கேட்டான். 'அவருக்கு அடையாளம் தெரியலடா'ன்னேன். சிரிச்சான். 'பெத்தவருக்கா? போ, போ'ன்னுட்டு பஸ் ஏறிட்டான். நம்பர் கேட்டேன், குடுக்கல."

அவர் சந்தின் வாயிலில் போய் நின்றார். மாலைவரை நின்றார். ஊர் திரும்பாமல் மூவரும் ரயில் நிலையத்துக் கூடத்திலேயே தங்கினார்கள். காலையில் இரும்புக் கதவு திறக்கும்போது அவர் முதல் ஆளாக நின்றார். இம்முறை முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் ஒரேமாதிரி இருந்தது. எதைப் பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் இல்லப்பா. இவனும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல்லாக்காரர் இரக்கப்பட்டு உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். "ஒரு பையன் போன் பண்ணி வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டானாம். நல்ல வேலைக்காரனாம். நீங்க கிளம்புங்க பெரியவரே."

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை. மடிப்புக்காரர் மகனின் முகத்தை நினைத்துப் பார்த்தார். தாடி வைத்திருந்தானா, இளைத்திருந்தானா என்று துருவிப் பார்த்தார். பழுப்புப் பனியன் மட்டும் வந்தது. கழுத்தோரத்தில் தையல் பிரிந்திருந்தது, அதுகூட நினைவிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வலிக்கும் என்று காத்திருந்தார். வலிக்கவும் இல்லை. மகள் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் வேணுமாப்பா?" என்றாள். "போதும்" என்றார்.

மறுநாள் கடை திறந்தார். இரண்டு நாள் துணி மலையாகக் குவிந்திருந்தது. பெட்டி சூடேறும்வரை கம்பளியைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மனைவி அடையாளத் துண்டுகளைக் கட்டினார். முதல் சட்டையின் கையை விரித்து, கீழிருந்து மேலே இழுத்தார். தோளுக்கு இரண்டு விரல் கீழே பெட்டியைத் தூக்கினார். அடுத்த சட்டை. அதற்கடுத்தது.

வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் புடவைகளை வாங்க வந்தார். மடிப்புக்காரர் நிமிர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அம்மாள் கூசிப்போய்த் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்னங்க, குடும்பத்தோட நகரத்துக்குப் போனீங்களாமே! பையனைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. இவங்க ரெண்டு பேரும் பாத்தாங்க. நான் பாக்கலை."