பனைமரத்தடியில் நின்றவள்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். யாகப்பன் சத்தியம் பண்ணிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எழுபத்து நாலாம் வருஷம், கத்திரி வெயில். சேரப்பணஞ்சேரிக் காட்டில் ஐந்து மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை. யாகப்பனுக்கு அங்கே தீக்காவல் வேலை. மத்தியானம் டீக்கடை ரேடியோவில் வானிலை சொன்னார்கள். வறண்ட மேற்குக் காற்றாம், மழைக்கு வாய்ப்பில்லையாம். சொல்லி வாய் மூடவில்லை, மேற்கே குன்றின்மேல் புகை கிளம்பிவிட்டது.

காற்று தீயை ஊர்ப்பக்கம் விரட்டிக்கொண்டு வந்தது. எதிர்த்தீ வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதாவது, ஊர் எல்லையில் காவல்காரர்களே தீ வைத்து, வருகிற தீ தின்ன ஒன்றும் மிச்சமில்லாமல் எரித்துவிடுவது. ஆனால் அதற்கு முன்னால் கூவ வேண்டும். புல்லறுக்கப் போன பெண்கள் பதிலுக்குக் கூவிக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் உள்ளே போய்த் தேடியே ஆக வேண்டும்.

அன்று உள்ளே போயிருந்தது ஒரே ஒருத்திதான். யாகப்பன் பெண்சாதி செல்வமேரி.

"கூ...!"

உடனே பதில் வந்தது. காட்டுக்குள்ளிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால், ஏரிக்கரையிலிருந்து. திரும்பினார். பனைமரத்தடியில் அவள், தலையில் புல்லுக்கட்டு, முகம் அந்தப் பக்கம். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட நின்ற முனிரத்தினம் கத்தினார். "இன்னா யாகப்பா, பதில் வந்துச்சா?"

"வந்துச்சுபா. தோ, பனமரத்தாண்ட நிக்கிறா."

"அப்ப வெச்சிடு. சீக்கிரம்!"

மணி மூன்று பத்து. தீ வைத்தார். சருகு படபடவென்று பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் இன்னொரு தடவை அவளைப் பார்த்தார்.

அந்தப் புல்லுக்கட்டு... பச்சையாக இருந்தது.

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கருகிக் கிடக்கிற காட்டில் பச்சைப் புல் ஏது? "செல்வமேரி!" என்றார். அவள் திரும்பவில்லை. புகை குறுக்கே வந்தது. விலகியபோது பனைமரம் மட்டும்தான் நின்றது.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓடினார். வாசலில் மச்சினி கிளாரா நின்றாள்.

"அக்கா எங்க மாமா? இன்னும் வூட்டுக்கு வர்லியே!"

திரும்ப ஓடினார். காட்டுக்கும் அவருக்கும் நடுவில் தீ. அவரே வைத்த தீ. ஆள் உயரம் எரிகிறது. உள்ளே பாயப் போனவரை முனிரத்தினம் இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாதாவே... கூ...!"

"கூ..."

பின்னால்.

திரும்பினார். யாருமில்லை.

மறுபடி கூவினார்.

"கூ..."

மறுபடியும் பின்னால். முனிரத்தினத்துக்கும் கேட்டது. அவர் பிடி மட்டும் தளரவில்லை.

விடிந்து, தணல் ஆறின பிறகு போனார்கள். நடுக்காட்டு ஓடை மணலில் கிடந்தாள். தீ அவளைத் தொடவில்லை. கணுக்காலில் பாம்புப் பல் பதிந்திருந்தது. காலையில் குடிக்கக் கொண்டுபோன கஞ்சி தூக்குவாளியில் அப்படியே இருந்தது. முந்தின நாள் உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்படியென்றால் மூன்று மணிக்குக் கூவியது யார்? புருஷனைத் தீக்குள் வரவிடாமல் தடுக்கத்தான் அவள் வந்து நின்றாள் என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். யாகப்பனுக்கு அது ஆறுதலாக இல்லை. தேடிக்கூடப் போகவில்லையே என்றுதான் சாகும்வரை அழுதார்.

எனக்கு உதறலெடுப்பது வேறு ஒன்றுக்கு. அவளைத் தூக்கியவர் முனிரத்தினம். அவர் சொன்னதுதான். சுற்றிலும் ஒரு காத தூரத்துக்குச் சாம்பல். ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

தூக்கும்போது அவள் சேலை தொப்பலாக நனைந்திருந்ததாம்.