வடக்குக் கயிற்றில் நின்ற ஆள்

போர் முடிந்து, இந்திய முகாம்களிலிருந்து திரும்பியவர்களோடு நானும் மன்னாருக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் கால் தரிக்காது. நறுவிலிக்குளத்து வயலில் நெல் அரிவு வெட்டினேன், புத்தளத்தில் உப்பு அள்ளினேன், வீட்டுத்திட்டங்களுக்குக் கல் சுமந்தேன். கடைசியில் சிலாவத்துறைக்கு அப்பால், எங்கள் ஆட்கள் தகரக் கொட்டில் போட்டுக் குடியேறிய கரையில், கரைவலை இழுக்கும் வேலை கிடைத்தது.

எனக்குப் பெண்பிள்ளை என்றுதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முகாமில் வளர்ந்த பருவத்தில் தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஆம்பிளைகளைப் போலச் சாரம் கட்டினேன். அம்மா அடித்தார், அழுதார், பிறகு தானே எனக்கு ஆம்பிளைகள் போடும் சேட் ஒன்று வாங்கித் தந்தார். இதில் ஒளிவு மறைவு இல்லை. கரையில் எல்லோருக்கும் தெரியும். தம்பி என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள், நான் அப்பால் போனதும் சிரித்தவர்களும் இருந்தார்கள். கயிறு இழுக்கிறவனிடம் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரைவலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். வடக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றில் ஒரு கூட்டம். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். ஒரு பக்கம் பிந்தினால் வலை சரிந்து மீன் போய்விடும். நான் வடக்குக் கயிறு. பெண்கள் கயிற்றைத் தொடக்கூடாது, தாண்டவும் கூடாது, தீட்டுப் பட்டால் மீன் படாது என்பது கரையின் வழக்கம். மீன் சேரும் வலையின் மடி கரையேறிய பிறகுதான் அவர்கள் வந்து மீனைத் தரம் பிரிப்பார்கள்.

ஒரு காலம் கடல் வெறுமையாகிப் போனது. எத்தனை தரம் வளைத்தாலும் உடம்பில் பட்டால் அரிக்கும் சொறிமீனும் பாசியும்தான். தெற்குக் கயிற்றில் முதலாவதாக நிற்கும் அண்ணன், முகாமில் எங்களுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தவர், வெறும் மடியைக் காலால் தட்டினார்.

"வலையில பிழையில்லை. கயிறு பிடிக்கிற கையிலதான் பிழை. பொம்பிளை இழுத்தா மீன் வருமோ?"

"ஆரைச் சொல்லுறியள்?" என்றேன்.

"உன்னைத்தான். மீசை இல்லாத ஆம்பிளை."

"உங்கட மீசைக்கு இண்டைக்கு எத்தினை மீன் வந்தது, அண்ணை?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி சண்டைக்குப் பயந்த மனிதர். என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, கொஞ்ச நாளைக்குப் பொம்பிளையளோட இருந்து மீன் பிரி. ஆக்களின்ர மனம் ஆறட்டும்."

"தம்பி எண்டு கூப்பிட்டுக்கொண்டே பொம்பிளையளோட இரு எண்டுறியள்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். எனக்கு ஒன்று தெரிந்தது. அன்று விட்டுக்கொடுத்தால் மறுபடி அந்தக் கயிற்றுக்கு வரமுடியாது. கயிற்றில் நிற்கும்போது மட்டும்தான் என் உடம்போடு எனக்குச் சண்டை இல்லை. எத்தனையோ இடத்தை விட்டுப் போனவன் நான். இதை விடுவதாக இல்லை.

அதற்குள் மீன் பிரிக்கும் பெண்களில் ஒரு வாய்க்காரி எழுந்தாள்.

"சம்மாட்டி, அந்த ஆளை இஞ்ச விடாதேங்கோ. நாங்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருக்கிற இடம். புருசன்மாரின்ர கதை கதைக்கிற இடம். ஒரு ஆம்பிளை பக்கத்தில இருந்தா வாய் திறக்கேலுமோ?"

"அது ஆம்பிளை இல்லையடி" என்றார் தெற்குக் கயிற்று அண்ணன்.

"உங்களுக்கு இல்லாட்டி இருக்கட்டும். எங்களுக்கு ஆம்பிளைதான். உங்கட மனிசி சொல்லுற கதையெல்லாம் அவனுக்குக் கேக்கட்டோ?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய மனைவியும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் எனக்காகப் பேசவில்லை, தங்கள் இடத்தைக் காப்பாற்றத்தான் பேசினார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அப்ப நான் என்ன செய்ய?" என்றார் சம்மாட்டி.

"நாளைக்கும் வலையை வளையுங்கோ. நான் என்ர இடத்தில நிக்கிறன்."

மறுநாள் வடக்குக் கயிற்றிலிருந்து இரண்டு பேர், என் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்று தெற்குக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய எங்களுக்கு இழுவை கனத்தது. நான் முன்னுக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்படியும் எங்கள் பக்கம் பிந்தியது. தெற்கில் ஆள் கூடுதல். அவர்கள் வேகமாக இழுத்தால் வலை சரியும், எனக்கும் சோறில்லை, அவர்களுக்கும் சோறில்லை. அந்த அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"மெல்ல இழுங்கோடா! அந்தப் பக்கம் ஆள் குறைவு!"

இரண்டு கூட்டமும் நெருங்கி வந்தன. மடியில் கொஞ்சம் காரல் மீன், கொஞ்சம் பாசி. என்னால் மீன் வரவில்லை என்றும் சொல்லமுடியாது, என்னால்தான் வந்தது என்றும் சொல்லமுடியாது. அவர் ஒரு கை எட்டும் தூரத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"நாளைக்கும் வருவியோ?"

"ஓம், வருவன்."

அவர் கடலைப் பார்த்துத் துப்பினார். "அப்ப அந்த ரெண்டு பேரையும் திருப்பி அனுப்புறன். ஆள் காணாட்டி வலை சரியும்."

"ஆருக்குப் பக்கத்தில நிக்கோணும் எண்டு அவங்களிட்டச் சொல்லி அனுப்புங்கோ" என்றேன். பிறகு ஈரக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.