டோபமைன் பஞ்சமும் ஒரு மஞ்சள் சீட்டும்

என் மூளையில் டோபமைன் வற்றிப்போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு தாடிக்காரர். அவர் டாக்டரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளை கோட் போட்டிருக்கவில்லை. ஆனால் பின்னால் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் மூளை வைத்திருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பீன்யா தொழிற்பேட்டைக்கு மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது ஃபோனில் ஒரு வீடியோவில் அவராகவே வந்து, "நீங்க சோம்பேறி இல்லை" என்று ஆரம்பித்தார். நாற்பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் இப்படிச் சொன்ன முதல் மனிதர். பெற்றவள் சொன்னதில்லை. கட்டியவள் சொல்ல வாய்ப்பே இல்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

பத்துக் கேள்வி கேட்டார். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுக்கிறீர்களா? ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிறீர்களா? இனிப்பைக் கண்டால் கை நீளுகிறதா? நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் வாங்காத மார்க். அந்தப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கேட்டிருந்தாலும் பத்துக்குப் பத்துதான் வந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. வியர்த்தது. ஏசி பெட்டியில் வியர்க்கிறதே, அதுவும் ஓர் அறிகுறியோ என்று தேடினேன். ஆமாம், அதுவும் அறிகுறிதான். நான் எதைத் தேடினாலும் அது அறிகுறியாகத்தான் இருந்தது.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இந்தக் கூத்து புரியும். பீன்யாவில் பம்புக்கான பின்கள் செய்கிற சின்ன ஃபாக்டரியில் நான் தரப் பரிசோதகன். விரல் நீள இரும்புத் துண்டை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, சரி, சரியில்லை என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. பத்து மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது. தலைமுடியை நெடுக்காக ஏழாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவு. அளந்து பார்க்கிற அறையான எங்கள் கேஜ் ரூமில் மூன்று வண்ணச் சீட்டு உண்டு. பச்சை, தேறியது. சிவப்பு, கழிசல். மஞ்சள், சந்தேகம், நிறுத்தி வை. மஞ்சள் சீட்டை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது.

மைக்ரோமீட்டரின் வாலில் ராட்செட் என்று ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று மூன்று சத்தம் வரும், அழுத்தம் அளவாக நிற்கும். அது கற்றுக்குட்டிகளுக்கு. நான் நேராகக் கட்டைவிரலால் திருப்புவேன். "என் விரலுக்குத் தெரியும்" என்று இருபத்திரண்டு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த விரலுக்குத்தான் வேட்டு வந்தது. எங்கள் முதலாளி தானாக அளக்கிற மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அறுபது வயசுக் கன்னடக்காரர், என்னிடம் பேசும்போது பாதித் தமிழுக்கு வருவார். "நோட்ரீ, மாசக் கடைசியில ஆடிட். உங்க கையில இருக்கறதெல்லாம் பேப்பர்ல வரணும். எந்த ஜாப் எப்படி அளக்கறது, எங்க தப்பு வரும், எல்லாம். எழுதலேன்னா நீங்க டெஸ்பாட்சுக்குப் போயி டப்பா ஒட்டுங்க."

எழுதாவிட்டால் டப்பா ஒட்டணும். எழுதிக் கொடுத்தால் அதைப் படித்துக்கொண்டு மெஷின் அளக்கும், அப்புறம் நான் எதற்கு? புதுக் கோப்பு ஒன்று வாங்கி, அட்டையில் மூன்று தினுசில் தலைப்பு எழுதினேன். அதோடு சரி. பேனாவை எடுத்தால் கொட்டாவி வந்தது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. முதலாளி தினமும் கண்ணாடிக் கதவைத் திறந்து, "ஏன்ரீ, ஆயித்தா?" என்பார், முடிந்ததா என்று. "ஆயித்து சார், ஃபினிஷிங்" என்பேன். அட்டை மட்டும் ஃபினிஷ் ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் தாடிக்காரர் வந்தார். பயம் என்று சொல்லிக்கொள்வதைவிட டோபமைன் குறைவு என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். பயந்தவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். டோபமைன் குறைந்தவனுக்கு ஊர் வழிவிடும்.

அவர் சொன்னதற்கெல்லாம் ஆர்டர் போட்டேன், மூன்று டப்பா வந்தது. ஒன்று டைரோசின். இன்னொன்று வாயில் நுழையாத லத்தீன் பெயர். மூன்றாவதில் சிங்கத்தின் தலை படம். என் மனைவி ஆனேக்கல்காரி. லத்தீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, சின்ன எழுத்தில் இருந்த பெயரைப் படித்தாள்.

"ஏங்க, இது பூனைக்காலி விதைதானே? எங்க பக்கம் வேலியில கிடக்கும். மேல பட்டா நாலு நாளைக்குச் சொறியணும்."

"இது எக்ஸ்ட்ராக்ட்டு. உனக்குப் புரியாது."

"சொறியை எடுத்துட்டாங்களா, இல்ல சொறியை மட்டும் எடுத்துப் போட்டிருக்காங்களா?"

அறிவியல் தெரியாதவளிடம் என்ன பேச்சு என்று காபியோடு மூன்றையும் விழுங்கினேன். கவனியுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஒரு இரும்புத் துண்டைக்கூட உள்ளே விடாத ஆசாமி நான். எந்தக் கம்பி, எந்த உலை, எந்த லாட் என்று கேட்டு டெம்போக்காரரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். என் வயிற்றுக்குள் போகிற பொடிக்கு அந்தக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இதில் குறைவு என்று சொன்ன டோபமைனை யாராவது அளந்தார்களா? அதுவும் இல்லை. அளக்காததை நம்பாதே என்று கேஜ் ரூம் சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தது. மூன்றாம் நாளே நெஞ்சு குதித்தது. வீட்டில் எல்லா ஃபேனையும் துடைத்தேன். செருப்பு ஸ்டாண்டை அளவு வாரியாக அடுக்கினேன். பக்கத்து வீட்டுக் குழாயை அவர்கள் கேட்காமலே சரிசெய்யப் போய் உடைத்தேன். கோப்பின் பக்கம் மட்டும் போகவில்லை. "உற்சாகம் வந்துட்டுது பாத்தியா" என்றேன் மனைவியிடம். "வந்துது, பேயும்தான் வரும்" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு லாட் பின் வந்தது. ஏற்றிப்போக டெம்போ வாசலில் நின்றது. நான் எடுத்தேன், கட்டைவிரலால் திருப்பினேன், கீழ் எல்லையைவிட மூன்று மைக்ரான் குறைவு. அடுத்தது, நாலு குறைவு. அடுத்ததும் குறைவு. குறைந்த பின்னைத் திருத்த முடியாது, உருக்கத்தான் வேண்டும். எனக்கு ஒரே ஆவேசம். கோப்பு எழுதாவிட்டால் என்ன, நான் இல்லையென்றால் இந்தக் கழிசல் வெளியே போயிருக்கும் அல்லவா? மெஷின் ஷாப்பைப் பார்த்து நாலு வார்த்தை கத்திவிட்டு மொத்த லாட்டுக்கும் சிவப்புச் சீட்டு மாட்டினேன்.

கேஜ் ரூமில் என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி உண்டு. முப்பது வயசு, நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், என்னிடம்தான் வேலை கற்றாள். அவள் சிவப்புக் கூடையிலிருந்து பத்துப் பின்னை எடுத்து, ராட்செட்டைத் திருப்பி, டிக் டிக் டிக் என்று அளந்தாள். அப்புறம் பீரோவைத் திறந்து மாஸ்டர் கட்டையை எடுத்தாள். அது லேபில் அளந்து முத்திரை போட்டுக் கொடுத்த இரும்புக் கட்டை. அதைவிடச் சரியான அளவு எங்கள் ஃபாக்டரியில் கிடையாது.

"அண்ணா, இதைக் கொஞ்சம் அளங்க."

அளந்தேன். மூன்று மைக்ரான் குறைவு.

"அப்ப இந்த மாஸ்டரையும் உருக்கிடலாமாண்ணா?"

நான் என் கையைப் பார்த்தேன். மைக்ரோமீட்டர் சன்னமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடுவது தெரியாமலிருக்க நான்தான் ஒவ்வொரு பின்னையும் நெரித்துப் பிடித்திருக்கிறேன். நெரித்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்.

அவள் லாட்டிலிருந்த சிவப்புச் சீட்டைக் காட்டினாள். அதை நானே கழற்றினேன். பிறகு அவள் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, காரணம் என்கிற கட்டத்தில் 'நடுக்கம்' என்று எழுதி, என் சட்டைப் பொத்தானில் மாட்டினாள். "டாக்டரைப் பாத்துட்டு வாங்கண்ணா. அதுவரைக்கும் நீங்க ஹோல்டு." மெஷின் ஷாப்பே சிரித்தது. காலையில் என்னிடம் திட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்கள்.

டாக்டரம்மா எனக்கு ரொம்ப வருஷமாக பிபி மாத்திரை எழுதுகிறவர். மூன்று டப்பாவையும் மேஜையில் வைத்தேன்.

"டோபமைன் கம்மின்னு யார் சொன்னாங்க?"

"ஃபோன்ல, டாக்டர்."

"அப்ப ஃபோன்கிட்டயே காட்டியிருக்கலாமே?" சிங்க டப்பாவைத் திருப்பினார். "இதுல ஒண்ணுலயே ரெண்டு கப் காபி இருக்கு. நீங்க எத்தனை காபி குடிப்பீங்க?"

"நாலு."

"கை ஆடாம என்ன பண்ணும்? இந்தப் பூனைக்காலியில இருக்கறது கைகால் நடுக்க நோய்க்கு நாங்க அளந்து கொடுக்கற மருந்து. பிபி மாத்திரையோட சேர்ந்தா திடீர்னு பிரஷர் இறங்கி விழுந்திருப்பீங்க. சரி, எதுல மனசு போகலை? சாப்பாடு? தூக்கம்? பேச்சு?"

"அதெல்லாம் நல்லா போகுது டாக்டர். ஒரு ஃபைல் எழுதணும். அதுலதான்."

"ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் டோபமைன் குறையுமா?"

நான் கூரையைப் பார்த்தேன். ஃபேனில் தூசி இருந்தது.

"எல்லாத்துலயும் மனசு விட்டுப்போயி வாரக்கணக்கா அப்படியே இருந்தா அது வேற. அப்ப வெட்கப்படாம வாங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு. உங்களுக்கு அது இல்லை. அந்த ஃபைல்ல அப்படி என்னதான் இருக்கு?"

"நான்தான் இருக்கேன்" என்றேன். அது ஜோக்காகத்தான் வாயில் வந்தது. வெளியே வந்த பிறகு பார்த்தால் ஜோக்காக இல்லை.

மறுநாள் டப்பா மூன்றும் இல்லாமல், இரண்டே காபியோடு போனேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணாடிக் கதவு திறந்து "ஆயித்தா?" வந்ததும், "இல்ல சார், ஒரு வரிகூட எழுதலை" என்றேன். "எழுதிக் கொடுத்துட்டா என்னை எங்க உட்கார வைப்பீங்கன்னு பயம்."

அவர் என் பொத்தானில் தொங்கிய மஞ்சள் சீட்டைப் படித்தார். சிரிக்கவில்லை. "மெஷின் தப்பா அளந்தா அதுக்குச் சீட்டு மாட்டறது யாரு?" என்றார். "நானா சார்?" என்றேன். "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். இந்த ஊரில் அந்த வார்த்தையை நம்பி வீடும் கட்டியிருக்கிறார்கள், கல்யாணமும் நின்றிருக்கிறது. எனக்கு அதுவே மூன்று டப்பாவுக்கு மேலே வேலை செய்தது.

அன்றைக்கே முதல் வரி எழுதினேன்: 'கட்டைவிரலை நம்பாதே, ராட்செட்டைத் திருப்பு.' இருபத்திரண்டு வருஷப் பீற்றல் ஒரே வரியில் போனது. இரண்டாவது வரி: 'கை நடுங்கினால் அளக்காதே, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.' அப்புறம் கை நிற்கவில்லை. எழுத எழுத எனக்கே ஆச்சரியம், இவ்வளவு தப்புகளை நான் பார்த்திருக்கிறேனா என்று. ஆடிட்டுக்கு நாலு நாள் முன்னால் முப்பத்தெட்டுப் பக்கத்தை மேஜையில் வைத்தேன்.

அந்தப் பெண் முழுதும் படித்தாள். மாஸ்டர் கட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். ராட்செட்டைத் திருப்பினேன். டிக் டிக் டிக். ஒரு மைக்ரான் பிசகவில்லை. அவள் மஞ்சள் சீட்டைக் கழற்றினாள்.

"பச்சைச் சீட்டு?" என்றேன்.

"முதல்ல ஆடிட் முடியட்டும்ணா" என்று கோப்பை எடுத்துக்கொண்டு போனாள்.