பாமாலையா கீர்த்தனையா என்று கேட்காத பெட்டி

போன வாரம் கேம்ப் ரோடில் ஒரு பழைய சாமான் கடைக்குச் சாப்பாட்டு மேசை தேடிப் போயிருந்தேன். கடை மூலையில் கறுப்பாக ஒரு பெட்டி. முன்னும் பின்னும் திறப்பு, அடியில் சக்கரம், இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் திருகுத் துளைகள். நான் பார்ப்பதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"ஷூ ஸ்டாண்டு சார். வீல்லாம் கீது. எங்க வேணா தள்ளிகினு போலாம்."

சிரித்துவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போனது. "இன்னா சார் சிரிக்கிற, செம ஸ்ட்ராங்கு" என்றார். கிட்டார் வாசிப்பவர்கள் சத்தம் மாற்றும் கருவிகளை அடுக்கி வைக்கும் ரேக்கு அது என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அந்தப் பெட்டி பிறந்ததிலிருந்து அதற்குக் கிடைத்த உருப்படியான வேலை செருப்பு சுமப்பதுதான் என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்குக் கிட்டார் சங்கதி தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எலக்ட்ரிக் கிட்டார் தன்னளவில் சோகையான வாத்தியம். அதைக் கரகரக்க வைக்கவும், எதிரொலிக்க வைக்கவும், அழ வைக்கவும் நடுவில் ஏதாவது வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று பெடல். சோப்பு டப்பா அளவில் இரும்பு டப்பாக்கள், ஒன்றுக்கு ஒரு சத்தம். தரையில் வைத்து, வேண்டுமென்றால் மிதிக்க வேண்டும், வேண்டாமென்றால் மறுபடி மிதிக்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு மாடு கூடக் கற்றுக்கொள்ளும். இன்னொன்று ரேக்கு. எல்லாச் சத்தங்களும் ஒரே பெட்டிக்குள். எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் என்று முன்கூட்டியே எண் போட்டுச் சேமித்துவிட்டு, மிடி என்கிற ஒயர் வழியாகக் காலடியில் இருக்கும் பலகையில் அந்த எண்ணை மிதிக்க வேண்டும். கேட்க அருமையாக இருக்கும். மின்சார வாரியம் கூடக் கேட்க அருமையாகத்தான் இருக்கும்.

நான் பெடல் கட்சி. எட்வின் ரேக்கு கட்சி. இரண்டு பேரும் சேலையூரில் ஒரே திருச்சபை, ஒரே வயது. பல வருஷத்துக்கு முந்தைய கதை இது; அவனுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் வேலை, எனக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில். சனிக்கிழமை மாலையானால் கோயிலின் பின்கட்டு அறையில் சந்தித்து, கால்வாசி நேரம் பழகுவோம், முக்கால்வாசி நேரம் சண்டை போடுவோம்.

அவனுடைய ரேக்கைக் கல்ஃபிலிருந்து அவன் அத்தான் கொண்டுவந்திருந்தார். அதைப் பீரோ என்றுதான் நான் சொல்வேன். கோயிலுக்குக் கொண்டுவர ஷேர் ஆட்டோவில் ஒரு முழு சீட் அதற்கு. உள்ளே மின்விசிறி வேறு சுற்றும். ஜெப நேரத்தில் சபையே அமைதியாகத் தலை குனிந்திருக்க, பீரோ மட்டும் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

"உன் டப்பாவ விடவா? போன வாரம் ஜெபத்துல விவசாய நிகழ்ச்சி பாடிச்சே" என்பான் எட்வின்.

அது உண்மைதான். என்னுடைய கரகரப்பு பெடல் கொஞ்சம் அலைபாயும் சுபாவம். பக்கத்தில் எந்த ரேடியோ நிலையம் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் பாவ அறிக்கை சொல்லச் சொன்னபோது, என் ஸ்பீக்கர் நெற்பயிருக்கு யூரியா போடும் முறையைச் சொன்னது. அதனால் என்ன? காலைத் தூக்கி ஒரு மிதி, யூரியா நின்றுவிட்டது. அவன் பீரோவில் எதையாவது நிறுத்த வேண்டுமானால் குனிந்து, சின்னத் திரையைப் பார்த்து, பட்டனைத் தட்டித் தட்டி உள்ளே உள்ளே போக வேண்டும். தாலுகா ஆபீசில் ஆளைத் தேடுவது மாதிரி.

எங்கள் சபையில் பாடல் புத்தகம் இரண்டு. பாமாலை, கீர்த்தனை. பாமாலை மேல்நாட்டு மெட்டு, ஆர்கனோடு நின்று பாடுவது. கீர்த்தனை நம்முடைய ராகம், கை தட்டினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆயர் எப்போதும் எண்ணைத்தான் அறிவிப்பார். எட்வின் இதைப் பார்த்து ஒரு திட்டம் போட்டான். கீர்த்தனை எண் எதுவோ, ரேக்கிலும் அதே எண். ஆயர் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் மிதித்தால் அந்தப் பாட்டுக்கான சத்தம் தயார். பல வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேமித்தான். அவன் பெட்டியில் நூற்றிருபத்தெட்டுக்கு மேல் எண் கிடையாது. அதற்கு மேற்பட்ட கீர்த்தனைகளை ஆயர் அறிவித்தால், பெட்டிக்கு அவ்வளவுதான் விசுவாசம் என்று அவன் காதில் ஓதுவேன். முறைப்பான்.

கிட்டாருக்கு எங்கள் கோயிலில், மாதத்தில் ஒருநாள் இளைஞர்கள் ஆராதனை நடத்தும் வாலிபர் ஞாயிறு மட்டும்தான் அனுமதி. மற்ற நாளெல்லாம் ஆர்கன். அதை வாசித்தவர் பாடகர் குழுத் தலைவர் ஞானசிகாமணி சார், ரிட்டையர்டு பள்ளி ஆசிரியர். எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. என்னைப் பற்றி அவர் நினைத்ததை நான் கண்டுகொள்ளவில்லை. எட்வின் அப்படி இல்லை. பெரியவர்கள் வரும் ஞாயிறு காலை முதல் ஆராதனையில், ஆர்கனுக்குப் பக்கத்தில், சார் தலையசைக்க வாசிக்க வேண்டும். வாழ்க்கையில் அவனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். வெளிநாட்டு வேலை வந்தபோது கூட அதற்காகத்தான் போகவில்லை என்று நினைக்கிறேன். அந்த ஆசையைப் போய் ஒரு பீரோவை நம்பி வைத்திருந்தானே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சாரின் மனைவி ரூத் ஆன்ட்டிக்கு எட்வின் என்றால் உயிர். கிறிஸ்துமஸ் கீத பவனியில் அவன் வாசிப்பதைக் கேட்கவே நடக்க முடியாத காலோடு வீடு வீடாகக் கூட வருவார். அவர் இறந்தபோது சாரே எட்வின் வீட்டுக்குப் போய், "அடக்க ஆராதனைல நீயும் வாசிப்பா. அவ சொல்லியிருந்தா" என்றார். எட்வின் உடனே ஓடிவந்து என்னிடம் சொன்னான். நான் முதல்முறையாகச் சண்டைக்குப் போகாமல், "பெடல்ல வாசிடா. ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோ, நான் தரேன்" என்றேன். "உன் யூரியா டப்பாவா?" என்றான். பெட்டியில் புதிதாக ஒரு மெல்லிய சத்தம் செய்து கடைசி எண்ணில் சேமித்தான். நிஜமாகவே நல்ல சத்தம் அது, இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு நஷ்டமில்லை.

கோயில் நிறைய ஆள். ஆயர், "பாமாலை" என்று சொல்லி ஓர் எண்ணைச் சொன்னார். எண்ணை இங்கே எழுதமாட்டேன், புத்தகத்தைப் புரட்டித் தேடுவீர்கள். எட்வினின் காது பாமாலை என்பதைக் கேட்டிருக்கும். பல மாதம் பழகிய கால் எண்ணை மட்டும்தான் கேட்டது. கடைசி எண்ணை விட்டுவிட்டு அதை மிதித்துவிட்டான். அந்த எண் கீர்த்தனையில் கிறிஸ்துமஸ் பாட்டு. ஒரு கம்பியைத் தொட்டால் மூன்று கம்பி சேர்ந்து ஒலித்து, மேலே மணி அடித்து, எதிரொலி சுவரெல்லாம் சுற்றிவர அவன் ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த சத்தம். பெட்டிக்கு முன்னால் பிணப்பெட்டி இருந்தது. பாமாலையா கீர்த்தனையா என்று கேட்க அந்த இயந்திரத்துக்கு ஏது புத்தி.

எட்வின் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். எதிரொலி நிற்கவில்லை. குனிந்து பட்டனைத் தட்டினான், இன்னொரு சத்தம் வந்தது. நான் எழுந்து ஓடி சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அதே பிளக்கில்தான் ஆர்கனும் என்பது எனக்குத் தெரியாது. சாரின் விரல்கள் கட்டையில் இருக்கும்போதே ஆர்கன் செத்தது. சபை வாத்தியமே இல்லாமல் பாடி முடித்தது. கேவலம், அது நன்றாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் எட்வின் சாரிடம் போனான். கையைக் கட்டி நின்றான். சார் அவன் தோளில் தட்டி, "விடுப்பா. அவளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுத்தான் புடிக்கும்" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எட்வின் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பான். அவர் அப்படிச் சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. வாத்தியம் இல்லாமலும் சபை பாடும் என்று கண்டுகொண்ட கோயில் கமிட்டி, வாலிபர் ஞாயிறுக்கும் கிட்டார் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. நான் சண்டைக்குப் போனேன். எட்வின் போகவில்லை. பீரோவை யாருக்கோ கொடுத்துவிட்டான், கிட்டாரையும் சேர்த்து.

கமிட்டியெல்லாம் மாறி இப்போது கிட்டார் திரும்பிவிட்டது. மேடையில் ஒரு பையன் போனைத் தடவுகிறான், ஊரிலிருக்கும் எல்லாச் சத்தமும் அதிலிருந்து வருகிறது. பாதிப் பாட்டு அவன் கையை எடுத்தபிறகும் ஓடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை. பாட்டு வரிகள் திரையில் வருவதால் புத்தகம் இல்லை, ஆயர் எண் சொல்வதும் இல்லை. பெடலா ரேக்கா என்று அவனிடம் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டும் எதுக்கு அங்கிள்?" என்றான். அவனோடு சண்டை போடவும் எனக்குத் தோன்றவில்லை, அவனுக்கு அதில் ஒரு கட்சியும் இல்லையே.

எட்வின் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். பிள்ளைகள் படிப்பு, தண்ணீர் லாரி, முட்டிவலி, இதுதான் எங்கள் பேச்சு. நேற்று மளிகைக்கடையில் பார்த்தபோது வேண்டுமென்றே சீண்டினேன்.

"ஏன்டா, அந்த ரேக்கெல்லாம் ஒரு சாமானாடா? பெடல் பக்கத்துல வருமா?"

அவன் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் சரிசெய்துகொண்டு, "ஆமா மச்சான், நீ சொன்னதுதான் கரெக்ட்" என்றான். "லாரி நாளைக்கு வருமா?"

அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக அவன் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்டதும் அழுகை வரும்போல் இருந்தது. வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.