பல்கிரிட்யூட் என்றொரு புகார்

கஸ்டமருக்கு மெயில் எழுதிப் பிழைக்கிற வேலையில், கோபமாக எழுதுகிறவர்களை எப்படியோ சமாளித்துவிடலாம். நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவர்கள்தான் உயிரை வாங்குவார்கள். அதே செக்கில் உழலும் உங்களுக்குத் தெரியாததா?

சிவப்பு அட்டை

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடிச்சட்டம் செய்கிற கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரு வழக்கம். கஸ்டமர் மெயிலில் புரியாத வார்த்தை வந்தால் அது புகார். முதலில் சரக்கை நிறுத்திவைக்கிற சிவப்பு அட்டை தொங்கும், அர்த்தம் தேடுவதெல்லாம் அப்புறம். சாம்பிள் பார்த்த இங்கிலாந்துக்காரர் ஒருவர், ‘உங்கள் வெல்டிங்கின் பல்கிரிட்யூட் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்’ என்று எழுதினார். குவாலிட்டி மேனேஜர் தட்சிணாமூர்த்தி அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார்.

“இன்னாம்மா இது, பேரைக் கேட்டாலே தோல் வியாதி மாதிரி கீது? மொத்த லாட்டையும் நிறுத்து!”

ஐந்து ஏன்

வெல்டிங் போட்டவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம், கான்ட்ராக்ட் ஆள். சனிக்கிழமையோடு கான்ட்ராக்ட் முடிகிறது. பேரில் புகார் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அவரை லைனிலிருந்து இறக்கி, ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தரம் கேட்டுக் காரணம் கண்டுபிடிக்கிற படிவத்தை நீட்டினோம். என்ன குறை என்றே தெரியாமல் ஐந்துக்கும் பதில் எழுதினோம் பாருங்கள், அதுதான் எங்கள் திறமை! கவனக்குறைவு, பயிற்சி போதாது, இனி நடக்காது. கையெழுத்துப் போடப் பேனா கொடுத்த பாவி நான்தான்.

“எக்கா, என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்.”

அகராதியின் இரண்டாவது வரி

கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கம்ப்யூட்டரில் மெயிலைத் தவிர எதுவும் திறக்காது. குன்றத்தூர் ரூமுக்குப் போய்த்தான் அகராதியைப் புரட்டினேன். அழகு! அட, அழகு என்று போட்டிருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், கீழே இன்னொரு வரி: ஆளின் உடலழகைச் சொல்லும் சொல், கதைகளில் பெரும்பாலும் கேலியாகவே வரும். காலையில் மேனேஜரிடம் காட்டினேன். மனுஷர் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

“பார்த்தியா, நக்கல் வுட்டுக்கினு கீறாரு!”

கேட்கக் கூடாத கேள்வி

கஸ்டமரிடமே அர்த்தம் கேட்பது நம் தொழிலில் மானக்கேடு. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. போனால் என் மானம்தானே என்று, யாரையும் கேட்காமல் எழுதினேன்: ‘ஐயா, கேலியா, நிஜமா? ஒரு வெல்டரின் வேலை இதில் தொங்குகிறது.’ டீ நேரத்துக்குள் பதில் வந்தது: ‘முப்பது வருஷத்தில் இந்த வார்த்தையை இரண்டு முறைதான் எழுதியிருக்கிறேன். முதல் முறை என் மனைவிக்கு.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் பதிலைப் படித்துவிட்டு எழுந்து போய், தானே சிவப்பு அட்டையைக் கழற்றினார். நான் வெல்டிங் ஷாப்புக்கு ஓடி இசக்கிமுத்துவிடம் எல்லாம் சொன்னேன். அழகு, மனைவி எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“அப்போ திங்கக்கெழம வரலாம்லாக்கா?”

புகார் செல்லாது என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் ஏறிய புகாரை அழிக்க விதியில்லை என்பதால், அந்தக் கம்பெனிப் பதிவேட்டில் இன்னமும் இருக்கிறது: குறை - அழகு; காரணம் - இசக்கிமுத்து; நடவடிக்கை - இனி இப்படி நடக்காது.