சத்தம் வராத பூட்ஸ்

செருப்புக் கடை வைத்திருப்பவளின் தலையெழுத்து, தான் விற்ற சரக்கு ஊரெல்லாம் மிதிபடுவதைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டும். கூடலூர் பஜாரில் என் கடை. மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், காட்டில் காய்ந்த சருகு கிடக்கும்போதே ஒரு கூட்டம் வரும். எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: நடந்தால் சத்தம் வரக்கூடாது, சரிவில் காலும் பிசகக்கூடாது. இரண்டும் ஒரே பூட்ஸில் அமைவது குதிரைக்கொம்பு. மெத்தென்று இருப்பது கணுக்காலைப் பிடிக்காது; கணுக்காலைப் பிடிப்பது நடக்க நடக்கக் கிறீச்சிடும். கடை வைத்துப் பிழைக்கிற ஜனங்களே, இதை வாங்க வருகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு!

சருகுப் பரீட்சை

கோயமுத்தூரிலிருந்து பறவை படம் எடுக்கிற ஒருத்தர் வந்தார், கூட ஒரு சிநேகிதர். பூட்ஸைக் காட்டியதும் பையைத் திறந்து, ஒரு கை சில்வர் ஓக் மரத்துச் சருகை என் கடைத் தரையில் கொட்டினார். அப்போதுதான் கூட்டித் துடைத்திருந்தேன். வாயில் வந்ததை அப்படியே முழுங்கிக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்க, காட்டுல இதுமேலதானுங்க நடக்கோணும்" என்று சொல்லி, ஜோடி ஜோடியாகப் போட்டு நடந்தார். சிநேகிதர் கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார்.

கடைசியில் ஒரு ஜோடி தேறியது. ஆனாலும் 'சர்க் சர்க்' என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. அவர் போட்டிருந்த நைலான் பேண்ட்தான் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. சிநேகிதர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பூட்ஸ் வாயை மூடிருச்சு. பேண்ட்டுக்கு எந்தக் கடைக்குங்க போறது?"

பின்னால் வந்து நின்றவர்

தனபால் ஓவேலிப் பக்கம் யானைக் காவலர். யானை எங்கே நிற்கிறது என்று சுற்றிப் பார்த்து, விடிவதற்குள் எஸ்டேட்டுக்குச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவார்கள். இவர் யானையைப் பார்க்க வேண்டும், இவர் வருவது யானைக்குக் கேட்கக்கூடாது. பழைய பூட்ஸோ டக் டக்கென்று ஊரையே கூட்டும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கொம்பன் யானை திரும்பி விரட்டியதில், சரிவில் கால் மடங்கி வீங்கிப்போய் வந்திருந்தார்.

மேலே அடுக்கியிருந்ததையெல்லாம் இறக்கினேன். மெத்தென்ற ரப்பர் அடி, கணுக்காலுக்கு மேல் ஏறும் பட்டை. லேஸைக் கணுக்கால் மடிப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கவும் காட்டிக்கொடுத்தேன். "நடந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை எடுத்து வைக்கத் திரும்பினேன். தோளுக்குப் பின்னால் "அக்கா" என்று ஒரு குரல். ஐயோ, கையில் இருந்த பெட்டியெல்லாம் தரையில்! அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடைக்காரங்க நீங்களே பயந்துட்டீங்க. இதுக்கே பில் போடுங்க்கா."

கதவைத் திறக்காதவள்

மழை பிடித்த பிறகு தனபாலின் மனைவி செல்வி வந்தாள். அவருடைய டியூட்டிப் பையைத் திறந்து, அதே பூட்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். விற்ற சாமான் திரும்ப வாங்குவதில்லை என்ற போர்டைக் கை காட்டினேன். அவள் போர்டைப் பார்க்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது.

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. விடியற்காலையில் புருஷன் திரும்பும்போது பூட்ஸ் சத்தம் கேட்டால்தான் கதவைத் திறப்பாள். வெறுமனே தட்டினால் திறக்கமாட்டாள். அரிசி வாசனைக்கு யானையும் வந்து கதவை உரசும். ஒரு நாள் இவர் புது பூட்ஸில் பூனை மாதிரி வந்து நின்றிருக்கிறார். பக்கத்தில் இருப்பதுகூடத் தெரியாதபடி மஞ்சு, மூடுபனி. வாசலுக்கு வந்த பிறகுதான் பக்கத்துப் பலாமரத்தடியில் யானை நிற்பது தெரிந்திருக்கிறது. கூப்பிட்டால் அது திரும்பும். விரலால் கதவைச் சுரண்டியிருக்கிறார். உள்ளே இவள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறாள். யானை தானாக விலகிப் போன பிறகுதான் அவர் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

"யானையும் சத்தமில்லாமத்தான் வரும். இவரும் அப்படியே வந்தா, நான் யாருன்னு நெனச்சுக் கதவைத் திறக்குறது?" என்றாள்.

நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த பூட்ஸ் அல்லவா! போர்டாவது மண்ணாவது என்று, டக் டக்கென்று அடிக்கிற பழைய மாதிரி ஜோடியைத் தேடி எடுத்தேன். "ஐயையோ, அது வேணாம், காட்டுல இதுதான் அவரைக் காப்பாத்துது" என்று தடுத்துவிட்டாள். பிறகு வாசலில் தொங்கிய ரப்பர் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தரையில் அடித்து அடித்துப் பார்த்தாள். இருப்பதிலேயே அதிகமாகப் படீரென்று கேட்டதை எடுத்து, பையில் பூட்ஸோடு அதுவும் அடங்குகிறதா என்று வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "லயத்து முக்குல வந்து இதை மாத்திக்கட்டும். சத்தம் கேட்டா, அவரு வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் கதவைத் திறந்து வச்சிருவேன்."

இப்போதெல்லாம் சத்தம் வராத பூட்ஸ் கேட்டு யார் வந்தாலும் "ஊட்டுல உங்களுக்குக் கதவு திறக்கிறது யாருங்க?" என்று நான் முதலில் கேட்பதால், பறவை படம் எடுக்க வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.